சாவி வரும்வரை காத்திருக்கும் 26,000 வெள்ளி

கேள்வி

வணக்கம் அக்கா. எனக்கு 36 வயது. செங்காங்கில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. கணவர் பேருந்து ஓட்டுகிறார். ஐந்து வயதில் ஒரு மகள். எனக்குத் தெரிந்த சேமிப்பெல்லாம் வங்கிக் கணக்கும், தீபாவளிக்கு முன் தேக்காவில் வாங்கும் ஒன்றிரண்டு நகையும்தான். இப்போது வங்கியில் 26,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கிறது. வீட்டுச் செலவு மாதம் 3,200 வெள்ளி. எல்லாம் போக மாதம் 500 வெள்ளி மிச்சம் பிடிக்கிறோம். அடுத்த ஆண்டு கடைசியில் எங்கள் பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவின்பேரில் அரசாங்கம் கட்டித் தரும் வீடு) சாவி கிடைக்கும்.

என்னோடு வேலை செய்யும் தோழி மாதாமாதம் எஸ்டிஐயில் பணம் போடுகிறாள். "போட்டுவிட்டு மறந்துவிடு, ஒன்றும் யோசிக்க வேண்டாம்" என்கிறாள். கொழுந்தனோ, "எஸ்டிஐ எல்லாம் வயசானவங்களுக்கு அண்ணி, அமெரிக்கா இண்டெக்ஸ்தான் ஏறும், இருக்கிறதை மொத்தமாப் போட்டுடுங்க" என்கிறார். என் அப்பா பங்கு என்ற சொல்லைக் கேட்டாலே "சூதாட்டம்" என்று எழுந்து போய்விடுவார். இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால் உண்மையில் என்ன? சீட்டு மாதிரியா? போட்ட பணம் முழுசாகப் போய்விடுமா? மசேநி (மத்திய சேம நிதி) பணத்தை இதில் போடலாமா? புரியும்படி சொல்லுங்கள் அக்கா.

ஒரு வாசகி, செங்காங்

பதில்

உங்கள் கடிதத்தை மத்தியானம் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை படித்தேன். ராத்திரிதான் அந்தச் சாவித் தேதி என் கண்ணில் பட்டது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த வரியில்தான் இருக்கிறது. அங்கே பிறகு வருகிறேன். முதலில், இது என்ன சரக்கு என்று பார்த்துவிடுவோம்.

செய்தி முடிகிற நேரத்தில் "ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு இன்று இத்தனை புள்ளி உயர்ந்தது" என்று வாசிப்பார்களே, அதுதான் எஸ்டிஐ. அது ஒரு எண், அவ்வளவுதான். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்களில் 30ஐ எடுத்துக்கொண்டு, அவற்றின் பங்கு விலை ஒட்டுமொத்தமாக ஏறியதா இறங்கியதா என்று காட்டும் அளவுகோல். எண்ணை யாரும் விலைக்கு வாங்க முடியாது. அதனால் ஒரு நிதி நிறுவனம் பலரிடமிருந்து பணம் திரட்டி, அந்த 30 நிறுவனங்களின் பங்குகளை, குறியீட்டில் உள்ள அதே விகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது. குறியீடு ஏறினால் அந்த நிதியின் மதிப்பும் ஏறும்; இறங்கினால் கூடவே இறங்கும். இதுதான் இண்டெக்ஸ் ஃபண்ட், தமிழில் குறியீட்டு நிதி. அந்த நிதியையே ஒரு பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கும்படி அமைத்தால் அதற்கு இடிஎஃப் என்று பெயர். உங்கள் தோழி வாங்குவது அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். எஸ்டிஐக்கு அப்படி நெடுநாளாக இருக்கும் பெயர்கள் இரண்டு. 2002இல் வந்த எஸ்பிடிஆர் இடிஎஃப் ஒன்று, 2009இல் டிபிஎஸ் பெயரில் வந்து, பிறகு பல ஆண்டு நிக்கோ நிறுவனத்தின் பெயரில் இருந்தது மற்றொன்று. இரண்டும் வாங்குவது ஒரே 30 பங்குகளைத்தான். எது நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

30 என்றதும் ஆளுக்கொரு சம பங்கு என்று நினைத்துவிடாதீர்கள். சந்தையில் பெரிய நிறுவனத்துக்குக் குறியீட்டிலும் பெரிய இடம். இன்றைய நிலவரத்தில் நீங்கள் போடும் 100 வெள்ளியில் ஏறக்குறைய பாதி டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி என்ற மூன்று வங்கிகளுக்கே போய்விடும். மிச்சத்தைத்தான் சிங்டெல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், கெப்பல், எஸ்டி எஞ்சினியரிங் போன்றவை பங்கு போட்டுக்கொள்கின்றன. அதாவது "எஸ்டிஐ வாங்குகிறேன்" என்று சொல்பவர் உண்மையில் சிங்கப்பூர் வங்கித் தொழிலை வாங்கி, ஓரத்தில் மற்றவற்றைத் தொட்டுக்கொள்கிறார். இது தப்பு என்று சொல்லவில்லை. பரவலாகப் போட்டுவிட்டோம் என்ற நினைப்பு மட்டும் முழு உண்மை இல்லை.

அந்த 30 பேர் பட்டியலும் கல்வெட்டு அல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசீலிப்பார்கள். சுருங்கிப்போன நிறுவனம் வெளியே போகும், வளர்ந்தது உள்ளே வரும். 2020 ஜூனில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வரும். குறியீட்டுக்குப் பெயர் கொடுத்த நாளிதழை நடத்திய, நம் தமிழ் முரசையும் அப்போது நடத்திய, சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனமே குறியீட்டிலிருந்து வெளியே போனது. அதன் இடத்துக்கு மேப்பிள்ட்ரீ இண்டஸ்ட்ரியல் டிரஸ்ட் வந்தது. பத்திரிகையின் பெயரில் குறியீடு, ஆனால் குறியீட்டுக்குள் பத்திரிகை இல்லை! அந்த ஒரு பங்கை மட்டும் நம்பிச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி. எஸ்டிஐ நிதி வைத்திருந்தவருக்கு முப்பதில் ஒன்று மாறியது. பலருக்கு அது தெரிந்தே இருக்காது.

உங்கள் அப்பா கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன். 1985 டிசம்பரில் பான்-எலக்ட்ரிக் என்ற நிறுவனம் கவிழ்ந்தபோது சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையையே மூன்று நாள் மூடி வைத்தார்கள். அதைப் பார்த்த தலைமுறைக்குப் பங்கு என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அவ்வளவு தூரம் போக வேண்டாம், 2018இல் ஹைஃப்ளக்ஸ் சிக்கலில் மாட்டியபோது, அதன் பத்திரங்களிலும் முன்னுரிமைப் பங்குகளிலும் பணம் போட்டிருந்த சாதாரண மக்கள் சுமார் 34,000 பேர். தண்ணீர்த் தொழில், நாட்டுக்கு அத்தியாவசியம், இது எங்கே போய்விடப் போகிறது என்று நம்பிப் போட்டவர்கள். அப்பா பயப்படுவது இந்த மாதிரி நஷ்டத்தை: ஒரே நிறுவனத்தை நம்பி, அது படுத்துவிட்டால் எல்லாம் போச்சு. குறியீட்டு நிதி அந்தப் பயத்துக்கு மருந்து. 30 நிறுவனமும் ஒரே நாளில் காணாமல் போனால்தான் உங்கள் பணம் முழுசாகப் போகும்.

சரி, சீட்டு மாதிரியா என்று கேட்டீர்கள். இல்லை. சீட்டில் உங்கள் பணம் இன்னொரு உறுப்பினரிடம் போகிறது. அவர் அவசரத்துக்குத் தள்ளி எடுக்கும் தொகைதான் உங்களுக்கு லாபம். எல்லாமே சீட்டுப் பிடிப்பவரின் நாணயத்தில் நிற்கிறது. வயதானவர்களிடம் 1970களின் ஜெமினி சீட்டு நிறுவனத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்கள். குறியீட்டு நிதியில் உங்கள் பணம் நிறுவனங்களின் பங்காக மாறுகிறது. லாபம் வருவது அந்த நிறுவனங்கள் சம்பாதிப்பதிலிருந்து. வாங்கிய பங்குகள் நிதி நிறுவனத்தின் சொத்தாக இருக்காது. தனியாக ஓர் அறங்காவலர் பொறுப்பில் இருக்கும். நிதி நிறுவனமே திவாலானாலும் அந்தப் பங்குகள் முதலீட்டாளர்களுடையவைதான். ஆனால் சீட்டில் இருக்கும் ஒன்று இதில் இல்லை. இத்தனையாவது மாதம் இத்தனை வெள்ளி கைக்கு வரும் என்று யாரும் உங்களுக்கு உறுதி சொல்லமாட்டார்கள்.

அதுதான் இதில் உள்ள முள். உங்கள் தோழி சொல்லாமல் விட்டதும் அதைத்தான்.

2007 அக்டோபரில் எஸ்டிஐ 3,800ஐத் தாண்டி நின்றது. 2009 மார்ச்சில் 1,500க்கும் கீழே. பதினேழு மாதத்தில் 10,000 வெள்ளி ஏறக்குறைய 4,000 ஆனது. பித்தலாட்டம் எதுவும் இல்லை, 30 நிறுவனங்களும் அங்கேயேதான் இருந்தன. உலகமே பயந்து விற்றது, அதனால் விலை விழுந்தது. தவறான நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆபத்தைக் குறியீட்டு நிதி குறைக்கும். சந்தை மொத்தமாக விழும் ஆபத்தை அது ஒரு காசு கூடக் குறைக்காது. சந்தை விழுந்தால் இதுவும் விழ வேண்டும், அதற்காகத்தான் இதைச் செய்தே வைத்திருக்கிறார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் ஒரு வங்கியில் முதலீட்டுப் பிரிவில் இருந்தேன். பிறருக்கு "பதற்றப்பட வேண்டாம்" என்று சொல்வதுதான் என் வேலை. 2008 அக்டோபர் கடைசியில் எஸ்டிஐ 1,700க்குப் பக்கத்தில் வந்தபோது, மதிய உணவு நேரத்தில், கழிப்பறைக்குப் போய் நின்றுகொண்டு, என் சொந்தப் பணத்தை மொத்தமாக விற்றுவிட்டேன். அது இன்னும் இறங்கியபோது என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். இன்னும் விழட்டும், அப்போது வாங்கலாம் என்று காத்திருந்தேன். 2009 மார்ச்சில் அது திரும்பியது. இது நிற்காது, மறுபடி விழும் என்று நினைத்தேன். ஆண்டு முடிவில் 2,900ஐ நெருங்கிவிட்டது. கடைசியில் 2010இல், நான் விற்ற விலையைப் போல ஒன்றே முக்கால் மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கினேன். படிப்பும் அனுபவமும் இருந்த எனக்கே இந்த லட்சணம். ஆகவே "போட்டுவிட்டு மறந்துவிடு" என்று யாராவது சொன்னால், போடுவது சுலபம், மறப்பதுதான் முடியாது என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்றும் பாருங்கள். 2007இல் தொட்ட அந்த உச்சியை எஸ்டிஐ நிலையாகத் தாண்டியது 2025இல்தான். பதினேழு ஆண்டுக்கு மேல்! கேட்டதும் தலை சுற்றும். ஆனால் செய்தியில் வாசிக்கும் அந்த எண்ணில் ஈவுத்தொகை சேர்வதில்லை. வங்கிகளும் மற்ற நிறுவனங்களும் லாபத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் பங்குதாரர்களுக்குக் கொடுக்கின்றன. எஸ்டிஐ நிதிகள் அதை வாங்கி ஆண்டுக்கு இரண்டு முறை உங்கள் கணக்குக்கு அனுப்பும். பல ஆண்டுகளில் அது 3, 4 விழுக்காட்டைச் சுற்றி இருந்திருக்கிறது. சிங்கப்பூரில் தனிநபருக்கு அதற்கு வரி கிடையாது. அந்தத் தொகையைச் செலவழிக்காமல் திரும்பப் போட்டவர் அந்தப் பதினேழு ஆண்டில் சும்மா நிற்கவில்லை. உச்சியில் மொத்தமாகப் போடாமல் மாதாமாதம் போட்டவர் இன்னும் நன்றாக இருந்தார்.

மாதாமாதம் போடுவதில் என்ன மாயம் என்றால், மாயம் ஒன்றும் இல்லை, கூட்டல் கழித்தல்தான். நிதியின் ஓர் அலகு (யூனிட்) 3 வெள்ளியாக இருக்கும் மாதம் 300 வெள்ளிக்கு 100 அலகு வரும். விலை 2.50 ஆனால் 120 வரும். 2 வெள்ளிக்கு விழுந்தால் 150 வரும். 900 வெள்ளிக்கு 370 அலகு, ஒன்று சுமார் 2.43 வெள்ளி. மலிவாக இருக்கும்போது தானாகவே அதிகம் வாங்கிவிடுகிறீர்கள். விழும்போது பயந்து நிறுத்திவிட்டால் இந்தக் கணக்கு வேலை செய்யாது. அவ்வளவுதான் நிபந்தனை.

இப்போது அந்தச் சாவிக்கு வருவோம்.

உங்களிடம் 26,000 வெள்ளி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்க்கும்போது அது ஒரு பணம் இல்லை, இரண்டு பணம். மாதச் செலவு 3,200 என்றால் நான்கு மாதத்துக்கு 12,800 ஆகிறது. கணவருக்கு முதுகு வலி வந்து இரண்டு மாதம் வண்டி ஓட்ட முடியவில்லை, ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் அவசரமாக டிக்கெட் போட வேண்டும், அதற்கான பணம் இது. மிச்சம் 13,200. சாவி வாங்கியதும் தரை, அலமாரி, மின்விசிறி, விளக்கு, அப்புறம் கிரகப்பிரவேசம். இந்தப் பணத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. தேதி குறித்த பணம் சந்தைக்குப் போகக் கூடாது. சாவி வாங்கும் மாதத்தில் சந்தை 2009 மாதிரி இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒப்பந்தக்காரர் உங்களுக்காக மூன்று ஆண்டு காத்திருப்பாரா? பணத்தைச் சந்தையில் மாட்டவிட்டு, புதுப்பிப்புக் கடனுக்கு வங்கி வாசலில் நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

எனவே இந்த 26,000இல் ஒரு வெள்ளி கூட எஸ்டிஐக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டாம். சும்மா வைக்கவும் வேண்டாம். சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் என்று அரசாங்கம் மாதாமாதம் வெளியிடுகிறது. 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதம் வேண்டுமானாலும் முதல் குறையாமல் திரும்ப எடுக்கலாம், ஒவ்வொரு முறையும் கட்டணம் 2 வெள்ளி. டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி இணைய வங்கியிலேயே விண்ணப்பிக்கலாம். பங்குகளையும் பத்திரங்களையும் உங்கள் பெயரில் வைத்திருக்கும் சிடிபி கணக்கு மட்டும் வேண்டும். சாவித் தேதிக்கு ஏற்றபடி அரசாங்கத்தின் ஆறு மாதக் கடன் பத்திரமான டி-பில்லும் பார்க்கலாம், அதற்குக் குறைந்தது 1,000 வெள்ளி. இதெல்லாம் வேண்டாம், வைப்புத்தொகைதான் பிடிக்கும் என்றால் அதுவும் சரி. வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை காப்புறுதி இருக்கிறது.

உங்கள் முதலீடு தொடங்க வேண்டியது மாதம் மிஞ்சும் அந்த 500 வெள்ளியில். நானாக இருந்தால் சாவி வரும்வரை 300ஐ வீட்டுக்குச் சேர்த்துக்கொண்டு, 200ஐ மட்டும் நிதியில் போடுவேன். வீட்டு வேலை முடிந்து குடியேறிய பிறகு கூட்டிக்கொள்ளலாம். மகளுக்கு இப்போது ஐந்து வயது. அவள் பல்கலைக்கழகம் போக இன்னும் பதின்மூன்று, பதினான்கு ஆண்டு இருக்கிறது. அந்தப் பணத்துக்குத் தேதி தூரத்தில், அதனால் அது நடுவில் ஒரு முறை விழுந்து எழுந்தாலும் தாங்கும்.

மசேநி பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. உங்கள் சாதாரணக் கணக்குக்கு 2.5 விழுக்காடு உறுதியாக வருகிறது. எல்லாக் கணக்கும் சேர்த்து முதல் 60,000 வெள்ளிக்கு ஒரு விழுக்காடு கூடுதலும் உண்டு, அதில் சாதாரணக் கணக்கிலிருந்து 20,000 வரைதான் எண்ணுவார்கள். சாதாரணக் கணக்கில் அந்த முதல் 20,000ஐ முதலீடு செய்யவே விதி விடாது. அதற்கு மேல் இருப்பதும் பிடிஓ வீட்டுக்குத் தேவைப்படும். ஓய்வுக்காலத்துக்கான சிறப்புக் கணக்கின் 4 விழுக்காட்டை ஆபத்தே இல்லாமல் வேறு யாரும் தரப் போவதில்லை. இரண்டையும் தொடாதீர்கள்.

கொழுந்தன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்லும் அமெரிக்கக் குறியீடு எஸ்&பி 500. அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டில் அது எஸ்டிஐயை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டது, அதில் அவர் சொல்வது சரி. ஆனால் அவர் வயதுக்கு அவர் பார்த்த சந்தை இந்த ஒன்றுதான். 2000 மார்ச்சில் எஸ்&பி 500 1,527இல் இருந்தது. நடுவில் இரண்டு முறை பாதியாகி, அந்த அளவை நிலையாகத் தாண்டியது 2013இல். இந்தப் பதின்மூன்று ஆண்டில் இன்னொன்றும் நடந்தது, இதை இங்கே யாரும் சொல்வதில்லை. 2000இல் ஒரு அமெரிக்க டாலர் 1.70 வெள்ளிக்கு மேல். 2013 மார்ச்சில் 1.25க்குப் பக்கத்தில். அமெரிக்கர் ஒருவர் "அப்பாடா, போட்டது திரும்பி வந்துவிட்டது" என்று மூச்சு விட்டபோது, சிங்கப்பூரர் இன்னும் கால் பங்குக்கு மேல் நஷ்டத்தில் இருந்தார், ஈவுத்தொகையை விட்டுவிட்டுப் பார்த்தால். நமக்குச் சம்பளம் வெள்ளியில், அரிசி வெள்ளியில், வீட்டுக் கடன் வெள்ளியில். டாலர் எந்தப் பக்கம் போகும் என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் நாம் அமெரிக்கக் குறியீட்டை வாங்குகிறோம்.

வரியும் இருக்கிறது. அமெரிக்காவில் பதிவான நிதியை நாம் வாங்கினால், ஈவுத்தொகையில் 30 விழுக்காட்டை அமெரிக்க அரசு முதலிலேயே பிடித்துக்கொள்ளும். அதே குறியீட்டைப் பின்பற்றும், அயர்லாந்தில் பதிவான நிதி என்றால் அந்த நாட்டு ஒப்பந்தத்தின்படி 15 விழுக்காடுதான் பிடிபடும். அதோடு, அமெரிக்கர் அல்லாத ஒருவர் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கச் சொத்து வைத்துவிட்டு இறந்தால், மிஞ்சும் தொகைக்கு 40 விழுக்காடு வரை அங்கே வாரிசு வரி உண்டு. சிங்கப்பூர் 2008இலேயே அந்த வரியை எடுத்துவிட்டதால் நமக்கு அது மறந்தே போய்விட்டது. கொழுந்தனிடம், "நீங்க வாங்கினது எந்த நாட்டுல பதிவான ஃபண்ட், தம்பி?" என்று கேளுங்கள். பதில் தெரிந்து வைத்திருந்தால் அவரைக் கொஞ்சம் நம்பலாம்.

என் அபிப்பிராயம் கேட்டால், எஸ்டிஐயா அமெரிக்காவா என்று கட்சி கட்ட வேண்டாம். மூன்று வங்கிகளில் பாதிப் பணம் என்பது ஒரு பக்கச் சாய்வு, ஒரே நாடு என்பது இன்னொரு பக்கச் சாய்வு. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 கடைசியில் தொட்ட உச்சியை 2024 பிப்ரவரியில்தான் மறுபடி தாண்டியது; ஒரு காலத்தில் அந்த நாட்டைப் பற்றியும் எல்லாரும் இப்படித்தான் பேசினார்கள். முதல் ஓராண்டு எஸ்டிஐயில் மட்டும் போட்டுப் பழகுங்கள். நீங்கள் பார்க்கும் வங்கி, நீங்கள் ஏறும் விமானம், வெள்ளியிலேயே கணக்கு, புரிந்துகொள்ள எளிது. அப்புறம் பல நாடுகளைச் சேர்த்த உலகக் குறியீட்டு நிதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

செலவு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனமாக இருங்கள். எஸ்டிஐ நிதியை நடத்த ஆண்டுக்கு 0.3 விழுக்காட்டைச் சுற்றித்தான் எடுக்கிறார்கள். நிபுணர் ஒருவர் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் நிதிகளில் ஒன்றரை, இரண்டு விழுக்காடு சர்வ சாதாரணம். ஒன்றரை விழுக்காடு என்ன பெரிய தொகை என்று தோன்றும். மாதம் 300 வெள்ளி, 20 ஆண்டு, மொத்தம் 72,000 போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஆண்டுக்கு 5 விழுக்காடு நின்றால் முடிவில் 123,000 வெள்ளி சொச்சம். செலவு ஒன்றரை விழுக்காடு கூடி 3.5 நின்றால் 104,000. பத்தொன்பதாயிரம் வெள்ளி, உங்களுக்குத் தெரியாமலே கழன்றுவிடும். இதைத்தான் ஜான் போகல் என்ற அமெரிக்கர் 1976இல் சாதாரண மக்களுக்கான முதல் குறியீட்டு நிதியைத் தொடங்கியபோது சொன்னார். 15 கோடி டாலர் திரட்ட நினைத்தார், வந்தது 1 கோடியே 13 லட்சம். தரகர்கள் அதற்குப் "போகலின் பைத்தியக்காரத்தனம்" என்று பெயர் வைத்தார்கள். எம்ஆர்டி நிலைய வாசலில் மேசை போட்டு, இலவசக் குடையைக் கையில் கொடுத்து, காப்புறுதியையும் முதலீட்டையும் ஒரே பொட்டலமாக விற்பவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். குடையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

தொடங்குவது எப்படி? சில வங்கிகளில் மாதம் 100 வெள்ளியிலிருந்து எஸ்டிஐ நிதி வாங்கும் திட்டம் இருக்கிறது. இணைய வங்கியில் ஒரு முறை அமைத்தால் மாதாமாதம் தானே கழித்துக்கொள்ளும். 200 வெள்ளிக்கு இதுதான் தோதானது. தரகு நிறுவனத்தில் நேரடியாக வாங்குவதென்றால் குறைந்தபட்சக் கட்டணத்தை முதலில் பாருங்கள். சில இடங்களில் ஒரு முறை வாங்க 25 வெள்ளி. 200 வெள்ளிக்கு 25 கொடுத்தால் எட்டில் ஒரு பங்கு வாசலிலேயே போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் ஐந்தாறு மாதம் சேர்த்து ஒரே முறையாக வாங்க வேண்டும். அப்புறம் யார் பெயரில் பங்கு இருக்கும் என்றும் கேளுங்கள்: சிடிபி கணக்கில் என்றால் நேரடியாக உங்கள் பெயரில், மாதத் திட்டத்தில் பெரும்பாலும் வங்கி உங்களுக்காக வைத்திருக்கும். இரண்டும் சட்டப்படியானதுதான், ஆனால் வேறு இடத்துக்கு மாற்றும்போது கட்டணம் வித்தியாசப்படும்.

டெலிகிராமில் "இண்டெக்ஸ் டிப்ஸ்" என்று குழுக்கள் சுற்றுகின்றன. குறியீட்டு நிதிக்கு டிப்ஸ் எதற்கு? 30 பங்கையும் வாங்குபவருக்கு எதைச் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள்? யாராவது சேர்த்துவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் பதிவேட்டில் தேடுங்கள், அதன் எச்சரிக்கைப் பட்டியலிலும் பாருங்கள். சந்தேகம் என்றால் 1799 எண்ணுக்கு அழைக்கலாம்.

நகை வாங்குவதை விட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. போடுவதற்கு வாங்குகிற வரை அது நகை, முதலீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் உங்கள் தோழியிடம் ஒன்று கேளுங்கள். 2020 மார்ச் 23 அன்று, கொரோனா பயத்தில் எஸ்டிஐ 2,233க்கு விழுந்து கிடந்தது. அந்த மாதம் அவள் போட்டாளா, நிறுத்தினாளா? அதற்குப் பிறகுதான் தொடங்கினாள் என்றால், அவள் இன்னும் பரீட்சையே எழுதவில்லை. போட்டாள் என்றால், எப்படி மனதைப் பிடித்துக்கொண்டாள் என்று விசாரித்து எனக்கும் எழுதுங்கள்.